க்ளெனிஸ் வீட்டு வேலி

க்ளெனிஸ் ட்ரெகோனிங்கைப் புகழ்ந்து எழுத எங்கள் ஆஸ்பத்திரியில் ஆளுக்கா பஞ்சம்? என்னிடம் கேட்டால் இப்படித்தான் வரும். ஆபரேஷன் தியேட்டரில் அந்த அம்மாளுக்கு எதிரே நின்று கத்தியும் கிடுக்கியும் எடுத்துக் கொடுத்தே என் பாதி ஆயுசு போய்விட்டது. அதில் பாதி எரிச்சலில் போனது. அவர் மேல் எரிச்சல், நோயாளிகள் மேல் எரிச்சல், எல்லாவற்றுக்கும் மேலாக, வாரக்கடைசி வந்தால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத இந்த ஊர் ஆண்பிள்ளைகள் மேல் எரிச்சல்.

அவர் பார்த்தது ஒரே ஒரு நோய். ஆஸ்பெஸ்டாஸ் தூசியை மூச்சில் இழுத்தவர்களுக்கு முப்பது நாற்பது வருஷம் கழித்து நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் வருகிற புற்றுநோய். மீசோதீலியோமா என்று பெயர். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இருக்கிற எங்கள் துறைமுக ஊர் ஃப்ரீமேண்டிலில் பள்ளிக்கூடப் பிள்ளைகூட இந்தப் பெயரைத் தப்பில்லாமல் சொல்லும். சொல்வதோடு சரி.

க்ளெனிஸ், நார்த்தாம் ஊரில் ரொட்டிக் கடை வைத்திருந்தவர் மகள். சின்ன வயதிலிருந்தே மாவு பிசைந்து உரமேறிய முன்கை. மார்பு அறுவை சிகிச்சை படிக்கப் போனபோது அங்கே இருந்த ஒரே பெண் அவர்தான். பெரிய டாக்டர் ப்ரிங்கிள் என்று ஒருவர் இருந்தாராம், அவருக்கு இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே வாய் வராது. இந்த நோயைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்று க்ளெனிஸ் போய்ச் சொன்னதும் சிரித்திருக்கிறார்.

“ஏம்மா பேக்கரிப் பொண்ணு, உனக்கு வேற வியாதியே கிடைக்கலையா? ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கத்தை மூடி இருவது வருஷம் ஆச்சு. உனக்குத் தலை நரைக்கறப்போ ஒரு பேஷன்ட் இருக்க மாட்டான். அப்புறம் என்ன பண்ணுவே, அப்பா கடையில போய் பன் சுடுவியா?”

“அதுக்குத்தான் சார் இதை எடுக்கறேன். கடைசி ஆளைப் பாத்துட்டு, லைட்டை அணைச்சுட்டு, நான் வீட்டுக்குப் போயிடுவேன்.”

இந்தக் கதையை எனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறார். ஆபரேஷன் இழுக்கும்போதெல்லாம் சொல்வார். வேறு டாக்டர்கள் தங்கள் பேரில் ஒரு வார்டு வரவேண்டும் என்று அலைவார்கள். இந்த அம்மாளுக்கு, தன் வேலையே உலகத்தில் இல்லாமல் போக வேண்டும். அந்த ஒரே ஆசைக்காக உழைத்தார்.

நான் சேர்வதற்கு முன்னால், ஆரம்ப வருஷங்களில், ஒரு பக்க நுரையீரலையே முழுசாக எடுத்துவிடுவார்களாம். பிழைத்தவர்கள் மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டு கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போனார்கள். அதை அவரே நிறுத்தினார். பிறகு உறையை மட்டும் உரித்தெடுக்கும் வேலை. ஆரஞ்சுத் தோல் கனத்துக்கு நுரையீரல் மேல் படிந்து இறுகியிருக்கும். நுரையீரல் கிழியாமல் அதை விரல் நுனியால் உரிக்க வேண்டும். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் ஆகிவிடும். என் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டதற்கு அந்த உறைதான் காரணம்.

அதுகூடப் பலருக்கு உதவாது என்று தெரிந்த பிறகு, வெட்டாதே என்று சொல்வதே அவருடைய முக்கால்வாசி வேலையாகிவிட்டது. நீர் கோத்தால் குழாய் வைத்து வடிப்பார், வலிக்கு மருந்து கொடுப்பார், உள்ளதை உள்ளபடி சொல்வார். இதற்கு யாராவது நன்றி சொல்வார்களா?

“வெட்டி எடுத்துடுங்க டாக்டரம்மா. எங்க வீட்டுக்காரரு தாங்குவாரு, கல்லு மாதிரி ஆளு.”

“அவரு தாங்குவாரும்மா. அவரு நுரையீரல் தாங்காது.”

“உங்களுக்குப் பயமா இருந்தா சொல்லிடுங்க. நாங்க சிட்னி போய்க்கறோம்.”

போவார்கள். அங்கே எவனாவது வெட்டி அனுப்புவான். தையல் பிரிந்து இங்கேயே திரும்பி வருவார்கள். க்ளெனிஸ் ஒரு குறையும் சொல்லாமல் வைத்தியம் பார்ப்பார். நான் பாத்திரம் கழுவுகிற இடத்தில் போய்க் கத்திவிட்டு வருவேன்.

கடைசி ஆள் வரவேயில்லை. முதலில் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் வந்தார்கள். பிறகு துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்கள், வீடு கட்டியவர்கள். அப்புறம் அவர்கள் பெண்டாட்டிகள், புருஷனின் வேலைச் சட்டையை உதறித் துவைத்த பாவத்துக்கு. இதோடு முடிந்தது என்று நினைத்தால், கையில் சுத்தியலோடு புது வரிசை வந்தது. பழைய வீட்டை வாங்கி, சனிக்கிழமை சனிக்கிழமை தானே இடித்துத் தானே கட்டுகிற சூரர்கள். அந்தக் காலத்து வீடுகளில் சுவர்கூட ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான். முப்பது வருஷத்துக்கு முன்னால் சமையலறைச் சுவரை ஒரே நாளில் பெயர்த்தேன் என்று நெஞ்சில் நீரோடு படுத்துக்கொண்டு பெருமை பேசுவான் ஒருவன்.

அவர்களைத் தடுக்க க்ளெனிஸ் ஊர் ஊராகப் பேசப் போனார். கால்பந்து கிளப், பந்துருட்டும் கிளப், சர்ச் கூடம் ஒன்று விடவில்லை. சொல்வதும் ஒன்றேதான்: பழைய ஷீட் இருந்தால் தொடாதீர்கள், பெயின்ட் அடித்து அப்படியே விடுங்கள், எடுத்தே ஆகவேண்டுமானால் லைசென்ஸ் உள்ளவனைக் கூப்பிடுங்கள். கைதட்டுவார்கள். டீ குடிக்கும்போது ஒருவன் நைசாகப் பக்கத்தில் வருவான். “பிரமாதமா பேசினீங்க. அடுத்த வாரம் எங்க வீட்டு லாண்டரி ரூமை இடிக்கறேன். சும்மா ஒரு நாலு ஷீட்டுதான். அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுல்ல?” தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

இருந்தாலும் எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சமாக இறங்க ஆரம்பித்தது. ஆஸ்பெஸ்டாஸ் விற்கவே கூடாது என்று சட்டம் வந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. க்ளெனிஸுக்கும் தலை முழுக்க நரைத்திருந்தது. அவர் ஓய்வு பெறப் போகிறார் என்றதும் ஆஸ்பத்திரியில் கூட்டம் போட்டார்கள். நானும் இருந்தேன். தன் இடத்துக்கு ஆள் போட வேண்டாம், இந்த நோய்க்கென்று தனி க்ளினிக் இனித் தேவையில்லை, மிச்சமிருப்பவர்களை மற்ற டாக்டர்களே பார்க்கலாம் என்று அவரே எழுந்து சொன்னார். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நிர்வாகி ஆலிஸ்டருக்கு அதைவிடச் சந்தோஷம். ஒரு குழாய் ரிப்பேருக்கு ஆறு மாசம் எடுக்கிற ஆஸ்பத்திரி, அந்த முடிவை அரை மணியில் எடுத்தது.

க்ளெனிஸின் வீடு ஃப்ரீமேண்டிலை ஒட்டிய ஹில்டனில். கொல்லையைச் சுற்றி பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வேலி. ஊருக்கு உபதேசம் பண்ணுகிறவர் வீட்டில் அதுவா என்று கேட்பார்கள். அவர் சொன்னபடிதான் அவர் செய்தார். தொடாமல், பெயின்ட் அடித்து, தூங்கட்டும் என்று விட்டிருந்தார். அவர் கணவர் டெஸ் பள்ளிக்கூடத்தில் தச்சுவேலை சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். வேலி சாய்ந்திருப்பதைப் பார்த்தால் அந்த மனிதருக்கு விரல் நமநமவென்று அரிக்கும். க்ளெனிஸின் கண்ணுக்குப் பயந்து அடங்கிக் கிடந்தார்.

கிறிஸ்துமஸ் பார்பிக்யூவுக்கு எல்லாரும் வந்திருந்தபோது க்ளெனிஸ் ஒயின் கிளாஸோடு ஒரு வார்த்தை விட்டார். “வேலையை விட்டு வீட்டுல உக்காந்தா தினமும் இந்த வேலி முகத்துல முழிக்கணுமே!” அவ்வளவுதான் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தது டினோ கமராட்டா.

டினோவின் அப்பா வின்ஸ், எங்கள் நோயாளி. இருபது வயதில் துறைமுகத்தில் ஆஸ்பெஸ்டாஸ் மூட்டை இறக்கியவர். கிழிந்த மூட்டையிலிருந்து தூசியை அள்ளி ஒருவன் தலையில் ஒருவன் போட்டு விளையாடியிருக்கிறார்கள். க்ளெனிஸ் சம்மதித்து வெட்டிய சிலரில் அவர் ஒருத்தர். நாலு வருஷம் தாண்டி உயிரோடு இருந்தார். அது அபூர்வம். அந்தக் குடும்பத்துக்கு க்ளெனிஸ் என்றால் மாதா கோயிலில் இருக்கிற மாதாவுக்கு அடுத்தபடி. வாரம் தவறாமல் தக்காளி, கத்திரிக்காய், வீட்டு ஒயின் என்று வந்து இறங்கும்.

ஓய்வு பெற மூன்று வாரம் இருந்தது. பிப்ரவரி சனிக்கிழமை, வெயில் என்றால் அப்படி வெயில். அவசர ஆபரேஷன் ஒன்று வந்து காலையிலேயே போயிருந்தோம். க்ளெனிஸின் கார் ஒர்க்ஷாப்பில் இருந்ததால் நான்தான் மத்தியானம் அவரை வீட்டில் விடப் போனேன். தெருவெல்லாம் வண்டி நின்றது. சாசேஜ் வாசனை. கொல்லைப்புறத்திலிருந்து சிரிப்பும், கட்டிங் மிஷின் சத்தமும்.

“என்ன ஷென், யார் வீட்டுல கூட்டுவேலை?” என்று கேட்டுக்கொண்டே இறங்கினார். செண்பகம் என்ற என் பெயரை அங்கே எவனும் முழுசாகச் சொன்னதில்லை.

அவர் வீட்டில்தான். யாராவது வீடு மாறினால், யாருக்காவது உடம்பு முடியாவிட்டால், அக்கம்பக்கமெல்லாம் கூடி ஒரே நாளில் வேலையை முடித்துக் கொடுத்து, பீர் குடித்துவிட்டுப் போவது இந்த ஊர் வழக்கம். அன்றைக்கு க்ளெனிஸுக்கு நன்றி சொல்ல ஒரு படையே வந்திருந்தது. பாதிப் பேர் எங்கள் நோயாளிகளின் பிள்ளைகள். ஒவ்வொருத்தனுடைய அப்பனின் நெஞ்சுக்குள்ளும் என்ன இருந்தது என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவன்கள் வேலியைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தான்கள். அந்த ஷீட் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்திருக்கும். இழுத்துப் பார்த்து வரவில்லை என்றதும் டினோ மிஷினை எடுத்திருக்கிறான். வெள்ளைப் புகையாக எழும்பிய தூசியைக் கடல் காற்று அப்படியே வாரி வீட்டுப் பக்கம் கொண்டுவந்தது. நிழலில் மடக்கு நாற்காலி போட்டு, வின்ஸ் ராஜா மாதிரி உட்கார்ந்து உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய பேத்தி ஜியா, ஆறு வயது, துடைப்பத்தை எடுத்துத் தூசியைப் பெருக்கிக் குவித்துக்கொண்டிருந்தது. கெட்டிக்காரி, சொல்லாமலே வேலை செய்கிறாள் என்று சுற்றி நின்றவர்கள் மெச்சினார்கள்.

“சர்ப்ரைஸ்!” என்று கத்தினார் டெஸ்.

க்ளெனிஸ் கைப்பையைப் புல்லில் போட்டார். வேகமாக நடந்தார். தோட்டத்து ஹோஸ் பைப்பை எடுத்தார், குழாயை முழுசாகத் திறந்தார், முதலில் ஜியாவின் தலையில் அடித்தார் தண்ணீரை. அப்புறம் தூசிக் குவியல், டினோ, மிஷின், பார்பிக்யூ அடுப்பு, சாசேஜ், பீர், வின்ஸ். ஒன்றையும் விடவில்லை. முட்டாள்கள் கைதட்டிச் சிரித்தார்கள். வெயிலுக்கு விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். ஒருவன் சட்டையைக் கழற்றிவிட்டு முன்னால் வந்து ஆடவே செய்தான்.

“மிஷினை நிறுத்துடா!” அப்போதுதான் குரல் வந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவர் கத்தி நான் கேட்டதில்லை. “எல்லாரும் இங்கயே துணியைக் கழட்டுங்க! ஒருத்தன் வீட்டுக்குள்ள போகக் கூடாது! வெக்கமா? வெக்கப்படறதுக்கு நுரையீரல் வேணும்டா, கழட்டு!”

டெஸ் ஓடிவந்தார். “க்ளென், க்ளென், நீ சொன்ன மாதிரிதான் பண்ணினோம். லைசென்ஸ்காரன் ரெண்டு மாசம் ஆகும்னான். அதான் காலையில நானே தண்ணி அடிச்சு நல்லா நனைச்சேன். எல்லாருக்கும் மாஸ்க் குடுத்தேன்.”

“நனைச்சியா? இந்த வெயில்ல? மாஸ்க் எங்க?”

எல்லார் தாடைக்குக் கீழேயும் தொங்கிக்கொண்டிருந்தது, பெயின்ட் அடிக்கிறவர்கள் போடுகிற காகித மாஸ்க். அதைப் போட்டுக்கொண்டு பீர் குடிக்க முடியாதல்லவா!

“நாப்பது வருஷமா என்கூடக் குடும்பம் நடத்தறியே மனுஷா,” என்றார் க்ளெனிஸ். “ஊரெல்லாம் போய்ப் பேசறேனே, நீதானே கார் ஓட்டிட்டு வந்தே. கடைசி வரிசையில உக்காந்து என்னதான் கேட்டே?”

டெஸ்ஸின் வாய் கோணிக்கொண்டது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இல்லை. இரண்டு அறை விடலாம் போல இருந்தது.

துணிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டினோம். ஒரு டஜன் ஆண்பிள்ளைகள் ஜட்டியோடு புல்தரையில் வரிசையில் நின்று நனைந்தார்கள். சிரிப்பு அடங்கிவிட்டது. டினோ ஈரத்தோடு ஜியாவைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தான்.

“டாக்டரம்மா, பாப்பாவுக்கு ஏதாவது ஆகுமா?”

“ஒரு நாள்தானே. ரொம்ப ரொம்பக் கம்மிதான், டினோ. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது.”

“பெரும்பாலும்னா?”

நோயாளியின் முகத்தைப் பார்த்து, உனக்கு ஒரு வருஷம் என்று நேராகச் சொல்கிற பெண்மணி அவர். அன்றைக்கு ஹோஸ் பைப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எப்ப தெரியும்? டெஸ்ட் இருக்கா? நாளைக்குக் கூட்டிட்டு வரட்டுமா?”

“இப்ப எந்த டெஸ்ட்டுலயும் தெரியாது. வந்தா உன் வயசுல வரும்.”

வின்ஸ் நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்திருப்பதே அவருக்கு அரை ஆபரேஷன். யாருடைய கையையும் பிடிக்காமல் வந்து, க்ளெனிஸிடமிருந்து பைப்பை வாங்கினார். “இங்க குடு அவளை,” என்று மகனிடம் சொல்லி, பேத்தியைப் புல்லில் நிற்க வைத்து, அவள் தலைமயிரைப் பிரித்துப் பிரித்துக் கழுவினார். காது மடல், கழுத்து, நகக்கண் ஒன்று விடவில்லை. “போதும் தாத்தா, குளிருது” என்று அவள் அழுதாள். அவர் நிறுத்தவில்லை. வாயிலே இருந்த பல் செட்டைக் கடித்துக்கொண்டு அந்த மனிதரும் அழுதார்.

திங்கட்கிழமை க்ளெனிஸ் என்னையும் இழுத்துக்கொண்டு ஆலிஸ்டர் அறைக்குப் போனார்.

“க்ளினிக்கை மூடாதீங்க. என் இடத்துக்கு ஆள் போடுங்க. சின்ன வயசு ஆளா போடுங்க.”

ஆலிஸ்டருக்குப் புரியவில்லை. “நீங்கதானே க்ளெனிஸ் சொன்னீங்க, இந்த நோய் முடியப் போகுதுன்னு?”

“தப்பாச் சொல்லிட்டேன்.”

“புதுசா கேஸ் ஏதாவது?”

“சனிக்கிழமை ஒரு கூட்டமே. என் வீட்டுக் கொல்லையில. என் வீட்டுலயே இப்படின்னா, ஊர்ல எத்தனை கொல்லை இருக்கு?”

“அடடா. இப்ப அவங்களுக்கு என்ன தொந்தரவு?”

“இப்ப ஒண்ணும் இல்ல. வர்றவங்களுக்கு நாப்பது வருஷம் கழிச்சு வரும்.”

ஆலிஸ்டர் பேனாவை மூடி வைத்தார். “அப்ப இதைப் பத்தி...” என்று இழுத்தார். “கொஞ்சம் பொறுத்துப் பேசலாமே?” கேலியாகச் சொல்லவில்லை, நிஜமான மரியாதையோடு சொன்னார். அதனால்தான் எனக்கு அவர் மேஜையைக் கவிழ்க்க வேண்டும்போல இருந்தது. பேசிப் பேசி, செவ்வாய்க்கிழமை அரை நாள் க்ளினிக், க்ளெனிஸே பார்த்துக்கொள்வதென்று ஒத்துக்கொண்டார்கள். ஓய்வு பெற்று ஊர் சுற்றலாம் என்று டெஸ் வாங்கிய, காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற காரவான் வீடு, வேலி இருந்த இடத்தில் டயர் இறங்கி நிற்கிறது.

சனிக்கிழமைகளில் க்ளெனிஸ் ஹார்டுவேர் கடை வாசலில் போய் நிற்கிறார். கட்டிங் மிஷின் பிளேடு வாங்கிக்கொண்டு வருகிறவனைப் பிடித்து, எந்த வருஷத்து வீடு, எதை வெட்டப் போகிறாய் என்று கேட்கிறார். பைத்தியம் என்று ஒதுங்கிப் போகிறார்கள். பள்ளிக்கூட நன்கொடைக்காக அங்கே சாசேஜ் சுட்டு விற்கிற பிள்ளைகள் பாவம் பார்த்து ஒன்று சும்மா கொடுக்கிறார்கள். அவமானம், வாங்க வீட்டுக்கு என்று நான் சண்டை போட்டாயிற்று. கேட்டால்தானே?

வின்ஸ் ஜூலையில் போய்ச் சேர்ந்தார். நோய் திரும்பி வந்துவிட்டது. அடக்கத்தன்று சர்ச்சில் கடைசிக்கு முந்தின வரிசையில் நானும் க்ளெனிஸும் உட்கார்ந்திருந்தோம். பாதிரியார் வாசித்துக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் ஜியா இருமினாள். க்ளெனிஸ் என் மணிக்கட்டைப் பிடித்தார். மாவு பிசைந்த கை, உயிர் போகிற மாதிரி வலித்தது.

“வெறும் சளி. மூக்கு ஒழுகுதுன்னு அவ அம்மா வாசல்லயே சொன்னா,” என்றேன் மெல்ல.

“சளின்னு எனக்குத் தெரியாதா?”

“அப்ப கையை விடுங்க.”

விடவில்லை. ஜியா மறுபடி இருமினாள், பக்கத்திலிருந்த யாரோ கைக்குட்டை கொடுத்தார்கள். அப்போது டினோ திரும்பினான். மகளைப் பார்க்கவில்லை. அத்தனை வரிசையைத் தாண்டி க்ளெனிஸின் முகத்தைத் தேடிப் பார்த்தான். அவர் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார். அவன் மூச்சு விட்டுவிட்டு, அப்பாவின் சவப்பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.